ஸ்டெபிலைசர், எம்சிபி, ஸ்பைக் கார்டு... வீட்டுச் சாதனங்களை உண்மையில் எது காப்பாற்றும்?

வோல்டேஜ் ஏறுவது, இறங்குவது, இடி, ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு எல்லாமே ‘கரண்ட் பிரச்சினை’தான். ஆனால், ஒன்றுக்கு வாங்கிய கருவி இன்னொன்றைத் தடுக்காது. எது எதற்கு என்று எளிமையாகப் பார்க்கலாம்.

மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். கரண்ட் போய் அரை மணி நேரத்தில் திரும்ப வருகிறது. பல்புகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகின்றன. ஃபேன் வேகமெடுக்கிறது. சில நொடிகளில் எங்கோ ‘பட்’ என்று ஒரு சத்தம், கூடவே கருகிய வாடை. மறுநாள் விசாரித்தால், அதே தெருவில் நாலைந்து வீடுகளில் டிவியோ, செட்டாப் பாக்ஸோ, ஃபிரிட்ஜ் போர்டோ போயிருக்கும். எதிர்வீட்டில் மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. “எங்களுக்கு லைட் மங்கலாத்தான் எரிஞ்சுது” என்பார்கள்.

தமிழ்நாட்டில் பல தெருக்களுக்குப் பழக்கமான காட்சி இது. அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் பழக்கமானவைதான். “எம்சிபி இருந்துச்சே, அது ஏன் விழல?”, “ஸ்பைக் கார்டுலதானே மாட்டியிருந்தோம்?”, “ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருக்கே, மத்தது ஏன் போச்சு?”

பதில் ஒன்றுதான். மின்சாரத்தில் வரும் கோளாறுகள் பல வகை. ஒவ்வொரு பாதுகாப்புக் கருவியும் அதில் ஒரு வகையை மட்டுமே பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் ஒரு வகைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. மற்றவற்றுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு 11,000 வோல்ட்டில் மின்சாரம் வருகிறது. அது அங்கே குறைக்கப்பட்டு, நான்கு கம்பிகளாகத் தெருவுக்குள் நுழைகிறது. மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். சென்னையின் பல பகுதிகளில் இது தரைக்கடி கேபிளாக, ஓரத்தில் நிற்கும் பில்லர் பாக்ஸ் வழியாக வருகிறது.

ஏதாவது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள வோல்டேஜ்தான் 230. சிங்கிள் ஃபேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு வருவது அந்த இரண்டு கம்பிகள் மட்டுமே. ஆனால் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். இந்த 400 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ‘பட்’ சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

ஐந்து வகைப் பிரச்சினைகள்

• லோ வோல்டேஜ்: கோடைக்கால இரவில், தெருவே ஏசி போடும் நேரத்தில் வருவது. பல்பு மங்குவதோடு நின்றால் பரவாயில்லை. ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்குத்தான் ஆபத்து. மோட்டார் கிளம்புவதற்கான விசை, வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230-க்குப் பதில் 160 வோல்ட் வந்தால் அந்த விசை பாதிக்கும் கீழே போய்விடும். மோட்டார் சுற்ற முடியாமல் ‘ம்ம்ம்’ என்று முனகும். அந்த நேரம் முழுக்க அதிகக் கரண்ட்டை இழுத்து, சூடாகி, கடைசியில் காயில் கருகும்.

• ஹை வோல்டேஜ்: சில நிமிடங்களோ, அதற்கு மேலோ நீடிக்கும் அதிக வோல்டேஜ். டிவி, ரூட்டர், எல்இடி பல்பு, ஏசி போர்டு என்று எலக்ட்ரானிக்ஸ் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காலி செய்யக்கூடியது இதுதான்.

• ஸ்பைக் அல்லது சர்ஜ்: இடி மின்னலின்போதும், மின்பாதையில் பெரிய சுவிட்சுகள் போடப்படும்போதும் வரும் திடீர் உச்சம். ஒரு நொடியில் மிகச் சிறிய பகுதிதான் நீடிக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் வரை போகலாம்.

• ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்: இது வெளியிலிருந்து வருவதல்ல, வீட்டுக்குள் நடப்பது. ஒயர் தாங்கும் அளவைவிட அதிகக் கரண்ட் ஓடுவது ஓவர்லோடு. ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொள்வது ஷார்ட். வீட்டில் தீப்பிடிப்பதற்கு இரண்டுமே வழி.

• மின்கசிவு: ஒயர் இன்சுலேஷன் பழுதாகி, கரண்ட் சாதனத்தின் உடம்புக்கு வருவது. வாஷிங் மெஷினையோ கெய்சர் குழாயையோ தொட்டால் ஷாக் அடிப்பது இதனால்தான். இங்கே போவது பொருள் அல்ல, உயிர்.

தெருவே புகைவது ஏன்? நியூட்ரல் அறுந்தால் நடப்பது

இந்த ஐந்தில், பலருக்கும் தெரியாமல் இருப்பது இரண்டாவது. அதற்கு முக்கியக் காரணம் நியூட்ரல் கம்பி அறுவது அல்லது லூஸ் ஆவது. மரக்கிளை விழலாம், இணைப்பு துருப்பிடிக்கலாம், பள்ளம் தோண்டும்போது கேபிள் வெட்டுப்படலாம்.

சாதாரணமாக, ஒவ்வொரு வீட்டின் கரண்ட்டும் நியூட்ரல் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. அந்தப் பாதை அறுந்துவிட்டால், ஒரு ஃபேஸில் உள்ள வீட்டின் கரண்ட் இன்னொரு ஃபேஸில் உள்ள வீட்டின் வழியாகத் திரும்பப் பார்க்கும். அதாவது, இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அது ஒருபோதும் சமமாக இருக்காது.

ஒரு கணக்கு. முதல் வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது. இரண்டாவது வீட்டில் டிவி, ஒரு லைட் சேர்த்து 100 வாட் மட்டும். நியூட்ரல் போனால், முதல் வீட்டுக்குத் தோராயமாக 36 வோல்ட்தான் கிடைக்கும். இரண்டாவது வீட்டுக்குப் போவது 364 வோல்ட்! குறைவாகக் கரண்ட் பயன்படுத்திய வீட்டுக்குத்தான் அதிக அடி. எதிர்வீட்டில் லைட் மங்கலாகவும், இங்கே பளிச்சென்றும் எரிந்ததன் ரகசியம் இதுதான்.

இது தெருக்கம்பியில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டிலோ, அபார்ட்மென்ட்டிலோ மீட்டர் போர்டில் உள்ள நியூட்ரல் ஸ்க்ரூ லூஸ் ஆனாலும் இதே கதைதான். ஒரு ரூமில் லைட் மங்கும், அடுத்த ரூமில் சாதனம் புகையும்.

எந்தப் பெட்டி எதைத் தடுக்கும்?

எம்சிபி

டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகள். இவை கரண்ட்டின் அளவை மட்டுமே கவனிக்கும். ஓவர்லோடு, ஷார்ட் என்றால் ‘டக்’கென்று விழும். வோல்டேஜ் 230-ஆ, 360-ஆ என்பது அதற்குத் தெரியாது. நியூட்ரல் போன அன்று எம்சிபி விழாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். உள்ளே ஏதாவது வெடித்து ஷார்ட் ஆன பிறகுதான் அது விழும்; அதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

இன்னொன்று. எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவது சில வீடுகளில் நடக்கிறது. “இப்போ விழறதே இல்ல” என்று நிம்மதியாகவும் இருப்பார்கள். உண்மையில், 16 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 32 ஆம்பியர் வரை ஓட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஒயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். எம்சிபி அடிக்கடி விழுந்தால், ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எம்சிபியை மாற்றக் கூடாது.

ஆர்சிசிபி

பலர் இதை இன்னமும் இஎல்சிபி என்றுதான் சொல்கிறார்கள். ஃபேஸில் போகும் கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று இது பார்க்கும். வித்தியாசம் வந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை மனித உடல் வழியாகப் போகிறது என்று அர்த்தம். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது போட வேண்டும். 16 ஆம்பியர் எம்சிபியோடு ஒப்பிட்டால் இது 500 மடங்குக்கும் மேல் குறைவு. ஆளுக்கு ஷாக் அடிக்கும்போது எம்சிபி ஏன் விழாது என்பது இந்த ஒப்பீட்டிலேயே புரிந்துவிடும்.

வீடுகளில் இதைப் பொருத்தும்படி மின்வாரியமும் தொடர்ந்து சொல்லிவருகிறது. இதில் ‘டெஸ்ட்’ என்றோ ‘டி’ என்றோ ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள், மாற்றிவிடுங்கள்.

ஸ்டெபிலைசர்

லோ வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றியும், ஹை வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கியும் தரும். எல்லைக்கு மேல் போனால் அவுட்புட்டை நிறுத்தும். பெட்டியில் ‘வொர்க்கிங் ரேஞ்ச்’ என்று போட்டிருப்பதுதான் அந்த எல்லை. 170 – 270 வோல்ட் என்று இருந்தால், அதற்குள் மட்டுமே அது வேலை செய்யும். வாங்கும்போது உங்கள் ஏரியாவில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

உள்ளே ரிலே மாறுவதற்குச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், கண் இமைப்பதற்குள் வந்து போகும் இடி ஸ்பைக்கை ஸ்டெபிலைசரால் தடுக்க முடியாது. அதேபோல், அதில் மாட்டிய சாதனத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஏசி ஸ்டெபிலைசர் இருக்கிறது என்பதற்காக ஹாலில் உள்ள டிவி பிழைத்துவிடாது.

ஸ்பைக் கார்டு, எஸ்பிடி

இவற்றுக்குள் இருப்பது மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர் என்ற சின்ன பாகம். வோல்டேஜ் ஒரு வரம்பைத் தாண்டிய கணத்தில் அது வழிவிட்டு, உபரியைத் திசைதிருப்பும். ஸ்பைக்குக்கு அருமையான தீர்வு. ஆனால் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ஒவ்வொரு அடி வாங்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ‘புரொடெக்டட்’ லைட் அணைந்துவிட்டால், அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். இரண்டு, நிமிடக் கணக்கில் நீடிக்கும் ஹை வோல்டேஜை அதனால் தாங்க முடியாது. நியூட்ரல் போன அன்று ஸ்பைக் கார்டே கருகிப் போவது சகஜம்.

கடையில் ‘ஸ்பைக் பஸ்டர்’ என்று விற்கும் எல்லாவற்றுக்குள்ளும் இந்தப் பாகம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். எத்தனை ஜூல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லை என்றால், பிளக் பாயின்ட்டுகளுக்கு மட்டுமே காசு கொடுக்கிறீர்கள்.

இதே வேலையை வீடு முழுவதற்கும் செய்வது எஸ்பிடி. மெயின் போர்டிலேயே பொருத்துவார்கள். சொந்த வீடு கட்டுபவர்கள், மாடியில் சோலார் வைப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று. சரியான எர்த் இல்லாவிட்டால், உபரியை அனுப்ப அதற்கு இடமே இருக்காது.

ஓவர் – அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்

நியூட்ரல் பிரச்சினைக்கு நேரடியான பதில் இதுதான். மெயின் போர்டில், எம்சிபி பக்கத்தில் உட்காரும் சின்னப் பெட்டி. பலவற்றில் வோல்டேஜ் எவ்வளவு என்று டிஜிட்டல் எண்ணிலும் காட்டும். செட் செய்த அளவைத் தாண்டி வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ மொத்த வீட்டின் சப்ளையையும் நிறுத்தும். நிலைமை சரியானதும், குறிப்பிட்ட நேரம் காத்திருந்து தானே திரும்பப் போடும். இது வோல்டேஜைச் சரிசெய்யாது, துண்டிக்க மட்டுமே செய்யும். உங்கள் வீட்டு லோடுக்கு ஏற்ற ஆம்பியரில் வாங்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற இந்தப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை.

எர்த்: மூன்றாவது ஓட்டையின் முக்கியத்துவம்

மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? பிளக்கைச் சொருகும்போது முதலில் எர்த் இணைய வேண்டும், கழற்றும்போது கடைசியாகத்தான் அது விலக வேண்டும் என்பதற்காக. சாதனத்தின் உலோக உடம்பில் கரண்ட் கசிந்தால், அதை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதை அது.

எர்த் சரியாக இருந்தால், கசிவு தொடங்கியதுமே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லை என்றால், யாராவது தொடும் வரை அது காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

“ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா ஜிவ்வுனு இருக்கு”, “லேப்டாப் மெட்டல் பாடியில கை வச்சா சுருக்குனு இருக்கு” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பதுதான் பல வீடுகளின் ‘தீர்வு’. எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கான முதல் எச்சரிக்கை அது.

இதைவிட ஆபத்தான ஒரு குறுக்குவழியும் உண்டு. எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில், நியூட்ரலிலிருந்து சின்ன ஒயர் எடுத்து எர்த் ஓட்டையோடு சேர்த்துவிடுவது. பார்ப்பதற்கு எல்லாம் வேலை செய்யும். ஆனால் அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால், வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க நேரடியாக ஃபேஸ் கரண்ட் வந்துவிடும். பாதுகாப்புக்கு வைத்த கம்பியே ஷாக் கொடுக்கும். இப்படிச் சேர்த்த வீட்டில் ஆர்சிசிபியும் அடிக்கடி விழும். “இது தொல்லையா இருக்கு” என்று அதையும் கழற்றிவிட்டால், இருந்த கடைசிப் பாதுகாப்பும் போய்விடும்.

எலக்ட்ரீஷியன் வரும்போது மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். ஆனால் எர்த்தை நியூட்ரலோடு சேர்த்திருந்தாலும் மீட்டர் ‘நல்ல’ எண்ணைத்தான் காட்டும். அதனால் பிளக் பாயின்ட்டைத் திறந்து ஒரு பார்வை பார்க்கச் சொல்வதும் அவசியம்.

எந்தச் சாதனத்துக்கு என்ன தேவை?

ஃபிரிட்ஜ்: லோ வோல்டேஜும், கரண்ட் போய்ப் போய் வருவதும்தான் இதன் எதிரிகள். கம்ப்ரெஸர் நின்ற உடனே திரும்ப ஓடினால், உள்ளே அழுத்தம் சமமாகாமல் திணறும். சுமார் 3 நிமிட இடைவெளி வேண்டும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் இதைப் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால், கரண்ட் வந்து போய்க்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, சப்ளை நிலையான பிறகு போடுங்கள்.

ஏசி: பழைய வகை 1.5 டன் ஏசிக்குப் பொதுவாக 4 கேவிஏ ஸ்டெபிலைசர் போடுவார்கள். இன்வெர்ட்டர் ஏசிகளில் பல ‘ஸ்டெபிலைசர் ஃப்ரீ’ என்று வருகின்றன. அதற்கு அர்த்தம், ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் ரேஞ்சுக்குள் தானே சமாளிக்கும் என்பதுதான். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை என்று மேனுவலில் இருக்கும். அந்த எல்லைக்கு வெளியே போனால் அடிவாங்குவது உள்ளே இருக்கும் போர்டு.

டிவி, லேப்டாப், ரூட்டர்: உங்கள் லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100 – 240 வோல்ட் என்று எழுதியிருக்கும். எனவே லோ வோல்டேஜ் இவற்றுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இன்றைய எல்இடி டிவிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். இவற்றுக்குத் தனி ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட, நல்ல ஸ்பைக் கார்டும், மெயினில் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பும் மேல்.

டிவிக்கு இன்னொரு வாசலும் உண்டு. கேபிள் ஒயர், மாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர், வெளியிலிருந்து வரும் லேன் கேபிள் எல்லாமே செம்பு. இடியின் சர்ஜ் அந்த வழியாகவும் உள்ளே வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபிளை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இடி வருவதற்கு முன்பே இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு ஒயர்களைத் தொட வேண்டாம். ஏப்ரல், மே கோடை மழையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ்: இவற்றுக்கு வோல்டேஜைவிட பிளக் பாயின்ட்தான் முக்கியம். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது சுமார் 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர், 3,000 வாட் கெய்சர் இழுப்பது 13 ஆம்பியர். இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பிளக்கைக் கழற்றும்போது பின் கொதிக்கிறதா, சாக்கெட் பழுப்பேறியிருக்கிறதா? உள்ளே லூஸ் கான்டாக்ட் இருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். கெய்சருக்கு எர்த்தும் ஆர்சிசிபியும் கட்டாயம்.

வாஷிங் மெஷின்: தண்ணீரும் கரண்ட்டும் ஒன்றாக இருக்கும் இடம். ஈரக் கையோடு, வெறும் காலோடு தொடும் சாதனம். எர்த் இல்லாத பாயின்ட்டில் மாட்டக் கூடாது. பால்கனியில் வைத்திருந்தால் சாரல் படாமலும், எலி ஒயரைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிக்ஸி: அரைக்கும்போது திடீரென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம். அடிப்பக்கம் உள்ள சிவப்பு பட்டன்தான் அதன் ஓவர்லோடு பாதுகாப்பு. ஸ்விட்ச் ஆஃப் செய்து, மோட்டார் ஆறிய பிறகு அந்தப் பட்டனை அழுத்தி, மாவின் அளவைக் குறைத்து அரைத்தால் போதும்.

வாடகை வீடா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள்

தண்ணீர் வருமா, பார்க்கிங் இருக்கா என்று கேட்பவர்கள்கூட டிஸ்ட்ரிபியூஷன் போர்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஐந்து நிமிட வேலைதான்.

• எம்சிபிகள் இருக்கின்றனவா, இல்லை பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர்தானா? ஃபியூஸில் அளவுக்கு மீறிய தடிமனான கம்பி சுற்றியிருக்கிறதா?

• டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி இருக்கிறதா? அழுத்தினால் விழுகிறதா?

• ஏசி, கெய்சர் பாயின்ட்டுகளுக்குத் தனித்தனி எம்சிபி இருக்கிறதா?

• சாக்கெட், சுவிட்ச் எதுவும் கருகியிருக்கிறதா? சுவிட்ச் போடும்போது ‘சரசர’ என்று சத்தம் வருகிறதா?

• எர்த் குழி எங்கே இருக்கிறது? ஹவுஸ் ஓனருக்கே தெரியவில்லை என்றால் கண்டிப்பாக அளந்து பார்க்க வேண்டும்.

ஆர்சிசிபி இல்லாத வீட்டில், “நான் பாதி தர்றேன், போட்டுடலாமா சார்?” என்று ஓனரிடம் கேட்பது தவறில்லை. ஒயரிங்கில் கை வைக்கச் சம்மதிக்கவில்லை என்றால், சாக்கெட்டிலேயே மாட்டக்கூடிய வோல்டேஜ் புரொடெக்டர்கள் கிடைக்கின்றன. வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

வோல்டேஜ் எகிறும்போது என்ன செய்ய வேண்டும்?

பல்பு திடீரென்று பிரகாசமானாலோ, ஃபேன் அளவுக்கு மீறி வேகமெடுத்தாலோ, ஒரு சுவிட்ச் போட்டால் வேறு ரூமில் லைட் ஏறி இறங்கினாலோ நியூட்ரல் மீது சந்தேகப்படலாம்.

1. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க ஓடாதீர்கள். நேராக மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகத் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, மெயின் எங்கே இருக்கிறது என்று இன்றே காட்டிவிடுங்கள்.

2. பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுங்கள். பிரச்சினை தெருவுக்கே பொதுவாக இருக்கலாம்.

3. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987-ஐ அழையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கம்பம், ஸ்டே கம்பி, பில்லர் பாக்ஸ் எதையும் தொடாதீர்கள். தரையில் கம்பி கிடந்தால் யாரையும் அருகில் விடாதீர்கள்.

5. சரிசெய்துவிட்டதாகச் சொன்ன பிறகு, மெயினைப் போட்டு முதலில் ஒரே ஒரு பல்பை எரியவிட்டுப் பாருங்கள். சில நிமிடம் நிலையாக எரிந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடலாம்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால், அவரை நேரடியாகத் தொடக் கூடாது. முதலில் மெயின் ஆஃப், பிறகுதான் உதவி. அடுத்து 108.

சேதமானால் யார் பொறுப்பு?

முதல் ஏமாற்றம் வாரன்டியில் வரும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் ஏற்படும் சேதம் வாரன்டியில் அடங்காது என்று பல நிறுவனங்களின் வாரன்டி கார்டிலேயே இருக்கும். வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால், மின்கோளாறால் சாதனம் பழுதாவது அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். தீ விபத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்கும் தானாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மின்வாரியத்தின் பக்கம் தவறு இருப்பதாக நினைத்தால், வெறும் போன் புகாரோடு நிறுத்தாமல் பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட வீடுகள் சேர்ந்து கொடுத்தால் வலு அதிகம். சம்பவம் நடந்த தேதி, நேரம், புகார் எண், கருகிய போர்டின் படம், சர்வீஸ் சென்டர் தந்த ரிப்போர்ட், பில் எல்லாவற்றையும் வைத்திருங்கள். அங்கே தீரவில்லை என்றால், மின்சாரச் சட்டம் 2003-ன்படி அமைக்கப்பட்ட மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அடுத்து மின் குறைதீர்ப்பாளர் என்று படிகள் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நேரம் பிடிக்கும் வழி இது. ஆதாரம் இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது.

பட்ஜெட் குறைவு என்றால் எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது. வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில், எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும். இது உயிருக்கானது. இரண்டாவது, ஒயருக்குப் பொருத்தமான எம்சிபியும், கருகிய சாக்கெட்டுகளை மாற்றுவதும். இது தீயைத் தடுக்க. மூன்றாவது, மெயினில் ஓவர் – அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து ஒரே காவல். அதற்குப் பிறகு, உங்கள் ஏரியாவில் லோ வோல்டேஜ் இருந்தால் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டெபிலைசர். கடைசியாக, டிவி, லேப்டாப்புக்கு நல்ல ஸ்பைக் கார்டு.

பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. டிவிக்கு ஸ்பைக் கார்டு இருக்கும், ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருக்கும். பாத்ரூம் கெய்சருக்கு எர்த் இருக்காது. இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. போர்டைத் திறந்து, ஆர்சிசிபி இருந்தால் அந்த டெஸ்ட் பட்டனை இப்போதே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.